கூப்பிடு தூரத்தில்தான் ஆஸ்பத்திரி

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பம் தாண்டியதும் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து வந்துவிடும். பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி. இன்னும் சற்றுத் தெற்கே போனால் கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரி, ராஜீவ் காந்தி பொறியியல் கல்லூரி. அதற்கப்புறம் கன்னியக்கோவில், முள்ளோடை. முள்ளோடையோடு புதுச்சேரி முடிந்து கடலூர் மாவட்டம் ஆரம்பிக்கிறது. மேற்கே விழுப்புரம் சாலையைப் பிடித்தால் வில்லியனூர் கொம்யூன். வில்லியனூரில் கஸ்தூர்பா மகளிர் கல்லூரி, அரியூரில் இன்னொரு மருத்துவக் கல்லூரி, வழிநெடுக தனியார் கல்லூரிப் பேருந்துகள். முப்பது வருடத்துக்கு முன்னால் நெல்லும் கரும்பும் சவுக்கும் மட்டுமே தெரிந்த நிலம் இது. இன்றைக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வெளியூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் கல்விப் பட்டணமாகிவிட்டது.

கல்லூரிகளின் பெயரைச் சொன்னது எவர் மீதும் குற்றம் சுமத்த அல்ல. ஊரின் அமைப்பைப் பார்க்கத்தான். கல்லூரி எங்கே இருக்கிறதோ அதே சாலையில்தான் ஒயின் ஷாப்பும் பாரும் இருக்கின்றன. ஊருக்குள்ளே போனால் சாராயக்கடை, கள்ளுக்கடை. ஒரு மாணவன் விடுதியிலிருந்து பாருக்குப் போகும் தூரமும் பாரிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் தூரமும் பைக்கில் சில நிமிடங்கள்தான். கிராமப்புறத்தில் இவ்வளவு அருகருகே இத்தனை பெரிய மருத்துவமனைகளைப் பார்ப்பது அரிது.

ஆனாலும் அளவுக்கு மீறிக் குடித்துச் சுருண்ட பையனை நண்பர்கள் அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதில்லை. ரூமுக்குத் தூக்கிப்போகிறார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து கொடுத்து, பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, 'தூங்கினா சரியாயிடும் மச்சான்' என்று விளக்கை அணைக்கிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று. வார்டனுக்குத் தெரிந்தால் சஸ்பெண்ட், வீட்டுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது.

பதினெட்டும் இருபத்தொன்றும்

புதுச்சேரி மதுவும் தமிழ்நாட்டு எல்லையும் சேர்ந்து எழுதிய வரலாறு பழையது. சென்னை மாகாணம் முழுவதும் 1948-ல் மதுவிலக்கு வந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. இந்தப் பக்கம் வறண்ட மாகாணம், அந்தப் பக்கம் திறந்த கடை. பாகூரும் வில்லியனூரும் ஒரே துண்டாக அமைந்த நிலமல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்கள் நடுவில் புகுந்தும் ஒதுங்கியும் கிடக்கின்றன. வரப்பு தாண்டினால் வேறு சட்டம். அன்று வரப்பு தாண்டிய தாத்தாக்களின் பேரன்கள் இன்று பேருந்தில் வருகிறார்கள். 1971-ல் தமிழ்நாடு மதுவிலக்கைத் தளர்த்திய பிறகும், 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைத் தானே எடுத்துக்கொண்ட பிறகும் 'பாண்டி ட்ரிப்' என்ற சொல்லின் அர்த்தம் மாறவில்லை. விலை குறைவு, வகை அதிகம்.

இன்னொன்றும் உண்டு, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மது விற்கக் கூடாது. புதுச்சேரியில் அந்த வயது 18. ஒரு பொறியியல் பட்டத்தின் நான்கு ஆண்டுகளும் ஏறக்குறைய இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. கடலூரில் வாங்கச் சட்டம் இடம் தராத இரண்டாம் ஆண்டு மாணவன், முள்ளோடையில் சட்டப்படியே வாங்கலாம்.

அந்தப் பதினெட்டாவது மதிக்கப்படுகிறதா? பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் காலடி வைக்கும் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழு. முதலாம் ஆண்டு முதல் பருவத்தில் ஒரு புதியவன் சீனியர்களோடு பாரில் உட்கார்ந்திருந்தால் அவன் பெரும்பாலும் சட்டப்படி சிறுவன். கவுன்ட்டரில் அடையாள அட்டை கேட்கிற வழக்கம் வேரூன்றியிருந்தால் அவன் அங்கே உட்கார முடியாது. பையில் பணம் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியாக இருக்கும்வரை, பதினெட்டு என்பது போர்டில் எழுதிய எண்தான்.

இன்னைக்கு யாரு ட்ரீட்?

மாணவன் தனியாகக் குடிக்கத் தொடங்குவதில்லை. கும்பல்தான் தொடங்கி வைக்கிறது. விடுதியில் ஒரே வரிசை அறைக்காரர்கள், ஒரே ஊர்க்காரப் பசங்க செட், ஒரே டிபார்ட்மென்ட் சீனியர்கள், கிருமாம்பாக்கம் பக்கம் வீடெடுத்துத் தங்கிய கூட்டாளிகள். அந்தக் கூட்டத்தில் சேர்வதற்கு ஒரு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. அதன் பெயர் ட்ரீட். பிறந்தநாளுக்கு ட்ரீட். புது பைக்குக்கு ட்ரீட். அரியர் கிளியர் ஆனால் ட்ரீட், அரியர் விழுந்தால் ஆறுதலுக்கு ஒன்று. கேம்பஸில் வேலை கிடைத்தவன் பத்துப் பேருக்கு வாங்கித் தர வேண்டும். கொடுக்காதவன் கஞ்சன், குடிக்காதவன் 'சாமியார்'.

குடிக்கப் பிடிக்காமலேயே குடிக்கப் பழகியவர்கள் எத்தனை பேர்! ஊரில் அப்பா குடித்து அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்து, 'நான் தொடவே மாட்டேன்' என்று சபதம் செய்த பையன்கள் இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் இங்கிலீஷ் தெரியவில்லை, கேன்டீனில் எந்த மேசையில் உட்காருவது என்று தெரியவில்லை. முதன்முதலாகத் தோளில் கைபோட்டு 'வாடா தம்பி' என்று கூப்பிடுகிற சீனியரிடம் மாட்டேன் என்று சொல்ல எந்தப் பதினேழு வயதுக்காரனுக்குத் துணிவு வரும்? அவன் ஏங்குவது சரக்குக்காக அல்ல. அந்தத் தோள்மேல் விழுந்த கைக்காக. அந்தக் கை குடிக்கவைத்துத்தான் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பது மாணவர் உலகத்தின் மிகப் பெரிய கொடுமை.

இந்தக் கொடுமைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கட்டடமும் கொடியும் உண்டு. 1776-ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்து ஒரு ரகசிய இலக்கியச் சங்கம் தொடங்கினார்கள். அந்த வழக்கத்தில் பின்னர் பெருகியவைதான் ஃபிரடர்னிட்டி என்ற மாணவர் சகோதரச் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்தில் பெயர், பலவற்றுக்குச் சொந்த மாளிகை, சேருகிறவனுக்குச் சடங்கு. அந்தச் சடங்கில் கட்டாயக் குடி நுழைந்து பல உயிர்களைக் குடித்திருக்கிறது. அங்கே மது வாங்கும் வயது 21. அதனாலேயே பத்தொன்பது வயதுக்காரன் குடிப்பது பூட்டிய வீட்டுக்குள் நடக்கிறது.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது உலகத்துக்கே தெரியும். பீட்டா தீட்டா பை சங்கத்தில் சேர வந்த 19 வயது மாணவனுக்கு வரிசையாக மது கொடுத்தார்கள். அவன் படிக்கட்டில் விழுந்தான். அந்த வீட்டின் கேமராக்களே எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தன. சுற்றி இருந்தவர்கள் சோபாவில் படுக்க வைத்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். அவன் பிழைக்கவில்லை.

நமக்குக் கிரேக்க எழுத்து இல்லை, மாளிகை இல்லை. ஆனால் ரூமில் தலையில் தண்ணீர் ஊற்றும் அந்த நள்ளிரவு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்.

நம் பக்கத்திலும் சடங்கு வெறியின் கணக்கு இருக்கிறது. பாகூரிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசு 1996 நவம்பரில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அது குடியால் நடந்ததல்ல, ராகிங்கின் உச்சம். அதன் பிறகுதான் தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. குடியும் ராகிங்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரி காட்டியது. போதையில் வந்த சீனியர்கள் அடித்ததில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு இறந்தார். அந்த மரணம்தான் பல்கலைக்கழக மானியக் குழுவை அதே ஆண்டு நாடு முழுவதற்குமான ராகிங் தடுப்பு விதிமுறையை வெளியிட வைத்தது.

அந்த விதிமுறையை ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒரு மாணவன் இயல்பாகச் செய்யாத, வெட்கப்படவோ வேதனைப்படவோ வைக்கிற ஒன்றைச் செய்யச் சொல்வது ராகிங். சக மாணவர்கள் ஒருவன் தலையில் வற்புறுத்திச் செலவை ஏற்றுவதும் ராகிங். அதாவது விருப்பமில்லாதவனைக் குடிக்க வைப்பதும், ஜூனியர் பணத்தில் ட்ரீட் வாங்கிக்கொள்வதும் இரண்டுமே தண்டனைக்குரியவை. வருடாவருடம் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டுத் தரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியில் இதெல்லாம் அடக்கம். கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். புதியவர்களை வரவேற்கும் விழாவை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆசிரியர்களும் சீனியர்களும் சேர்ந்து நடத்துங்கள் என்றும் அதே விதி சொல்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கல்லூரி வரவேற்காத பையனை பார் வரவேற்கும்.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

குடியைப் பற்றி மாணவர்கள் நிறைய நம்புகிறார்கள், கொஞ்சம்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பொறியியலும் மருத்துவமும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு கடினமல்ல.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் போட்டிருப்பது 42.8 சதவீதம். தூய ஆல்கஹால் 77 மில்லி, எடைக்கு மாற்றினால் சுமார் 60 கிராம். நல்ல ஆரோக்கியமான ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். தண்ணீர், மோர், எலுமிச்சை, காபி, குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஆக ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்க ஆறிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும். இரவு பதினோரு மணிக்குக் குடித்து முடித்தவன் காலை முதல் வகுப்பில் உட்காரும்போதும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். 'பீர்தானே' என்பார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் எட்டு சதவீதம் வரை ஆல்கஹால். சுமார் 40 கிராம். இரண்டு பாட்டில் பீர் ஒரு குவார்ட்டரைவிட அதிகம்.

அறுபது கிலோ எடையுள்ள இளைஞன் ஒரு குவார்ட்டரை அவசர அவசரமாக வெறும் வயிற்றில் இறக்கினால் 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டிவிடும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படிக் குடித்துவிட்டு, கடலூர் சாலையில் நள்ளிரவில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு விடுதிக்குத் திரும்பும் பைக்கை ஓட்டுகிறவன் சட்ட எல்லையைப்போல மூன்று மடங்கு போதையில் இருக்கிறான்.

இன்னும் முக்கியமான ஒன்று. கடைசி டம்ளரைக் கீழே வைத்த பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும். 'இப்பத்தான் நல்லாப் பேசிக்கிட்டிருந்தான்' என்பார்கள். ஆமாம், அரை மணி முன்னால் பேசினான். வயிற்றில் கிடந்தது அதற்கப்புறம்தான் ரத்தத்துக்குப் போனது. எழுப்பினால் எழாதது, விட்டு விட்டு மூச்சு வருவது, உடம்பு சில்லென்றும் உதடு நீலமாகவும் ஆவது, மயக்கத்திலேயே வாந்தி, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் அது தூக்கமல்ல, விஷம். மல்லாக்கப் படுத்தவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கி அடைக்கும். குடித்து இறக்கிற இளைஞர்களில் பலர் இப்படித்தான் தூக்கத்திலேயே போகிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூடவே ஒருவர் விழித்திருந்து, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மலிவு சரக்குக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இறந்தவர்கள் உழைப்பாளிகள். கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டவர்களில் பலர் புதுச்சேரியில் உள்ள நம் ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கூலிக்காரர் குடிக்கிற இடத்தில் திரில்லுக்காகப் போய் உட்காரும் மாணவனுக்கும் அதே ஆபத்து உண்டு. கண் மங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது.

சஸ்பெண்ட் செய்வது எளிது

குடித்து வந்த மாணவனைக் கல்லூரி என்ன செய்கிறது? வழக்கமான பதில் ஒன்று: பெற்றோரை வரவழைத்து, எழுதி வாங்கி, இடைநீக்கம் அல்லது விடுதியிலிருந்து வெளியேற்றம். ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த ஒழுங்கு குடிப்பதை நிறுத்தவில்லை; அதை விடுதிக்கு வெளியே தள்ளியிருக்கிறது. வார்டன் இல்லாத வாடகை வீட்டுக்கு, பாகூர் ஏரிக்கரைக்கு, ஊசுடேரி ஓரத்துக்கு. வெளியே தள்ளப்பட்ட இடத்தில் விழுந்து கிடப்பவனைப் பார்க்கப் பெரியவர் எவரும் இல்லை. அவனோடு இருப்பவர்கள் அவனைப்போலவே குடித்த, அவனைப்போலவே பயந்த பிள்ளைகள்.

பீட்டா தீட்டா பை வீட்டில் படிக்கட்டில் விழுந்த அந்த மாணவன் பெயரிலேயே பென்சில்வேனியா மாநிலம் 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் இரண்டு பக்கம் உண்டு. கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்து உயிருக்கு ஆபத்து விளைவித்தவருக்குக் கடும் தண்டனை. ஆபத்தில் இருப்பவனுக்காக உதவி கேட்டுப் போன் செய்து, உதவி வரும்வரை கூடவே இருந்தவருக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்பே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தன. குடித்திருந்தாலும் சரி, ஆம்புலன்ஸ் கூப்பிட்டவன்மீதும் கொண்டுவரப்பட்டவன்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை. பிறகு ஆலோசனைக்கு மட்டும் வர வேண்டும்.

இது குடிக்கத் துணிச்சல் கொடுக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்னிக்கப்படுவது குடித்தது அல்ல, கூப்பிட்டது. ஊற்றிக் கொடுத்த சீனியருக்கு இதில் மன்னிப்பு கிடையாது. சஸ்பெண்ட் பயத்தால் குடிக்காமல் இருந்தவனை நாம் கண்டதில்லை. சஸ்பெண்ட் பயத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாதவனைத்தான் கண்டிருக்கிறோம். பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் அரியூரிலும் இரவு முழுக்க விளக்கெரியும் அவசர சிகிச்சைப் பிரிவுகள் இருக்கும்போது, ஒரு பையன் பாயில் கிடந்து சாவதற்கு இந்த மண்ணில் எந்த நியாயமும் இல்லை.

ஊரார் கணக்கு

பாகூர் நேற்று வந்த கல்வியூர் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே, அன்றைய வாகூரில், ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்களின் வருவாய் அந்தக் கல்விச் சாலைக்கு விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. ஊர்கள் உழைத்துப் பாடசாலையைத் தாங்கின.

இன்று வருமானம் வேறு திசையில் ஓடுகிறது. அரசுக்குச் சொந்தமான வடிசாராய ஆலை இருப்பது வில்லியனூரை ஒட்டிய ஆரியபாளையத்தில். கலால் வரி புதுச்சேரி அரசின் பெரிய வருவாய்களில் ஒன்று. ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில்தான் சம்பளமும் உதவித்தொகையும் போகின்றன என்று அரசு சொல்லும். இருக்கட்டும். வெளியூர் அப்பா ஒருவர் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய செலவுப் பணத்தில் ஒரு பங்கும் அந்த ஆயிரம் கோடியில் சேர்கிறது என்பதையும் அரசு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊர்க்காரர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பாகூரில், வரப்போரம் உடைத்துப்போட்ட பாட்டில் சில்லு நாற்று நடும் பெண்ணின் காலைக் கிழிக்கிறது. ஊசுடேரி பறவைகள் சரணாலயம். அதன் கரையில் பிளாஸ்டிக் டம்ளர். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கடை இருந்தால் மாலையில் கல்லூரி விட்டு வரும் பெண்கள் தலை குனிந்து நடக்கிறார்கள். ஊர்ப் பையன்களோடு மாணவர்கள் மோதினால், அது அடிதடியாகி, பிறகு சாதிப் பிரச்சினை என்று பெயர் வாங்குகிறது. நகரமும் தப்பவில்லை. 2025 ஆகஸ்டில் புதுச்சேரி நகரத்து ரெஸ்டோ பார் ஒன்றில், நண்பர்களோடு வந்திருந்த வெளியூர்க் கல்லூரி மாணவர் தகராறில் குத்திக் கொல்லப்பட்டார். தொலைவில் ஒரு தாய்க்குப் போன் போயிருக்கும். அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அரசால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டுக் கூட்டம் எல்லை தாண்டி வராமல் இருக்க புதுச்சேரி அரசு கொரோனா வரி போட்டு விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு இணையாக ஏற்றியது. நோய்க்குப் பயந்தபோது விலையை உயர்த்த முடிந்தது. பிள்ளைகளுக்காக இன்னொரு முறை ஏன் முடியாது? கடையின் இடத்தையும் மாற்ற முடியும். வழக்கறிஞர் கே.பாலு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ஆம் தேதி, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அது 220 மீட்டராகக் குறைந்தது. சாலையை விட்டு நகர்ந்த கடைகள் குடியிருப்புக்குள் வந்தபோது தமிழகத்திலும் புதுவையிலும் பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்தப் பெண்கள் எந்தக் கட்சியும் சொல்லி வந்தவர்கள் அல்ல. ஒரு கொம்யூனில் கடை எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கவே கூடாது என்று முடிவு செய்வதில் அவர்களுக்கு ஓட்டு வேண்டும். கல்லூரி வாசலையும் விடுதியையும் ஒட்டிய கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் அவர்களையும் கல்லூரியையும் கேட்க வேண்டும்.

விற்பனை வயதை 21-ஆக உயர்த்தினால் எல்லாம் தீரும் என்று நான் நம்பவில்லை; அமெரிக்காவில் தீரவில்லை. ஆனால் எல்லையின் இரு பக்கமும் ஒரே வயது இருந்தால், படிக்க வந்த பிள்ளைகளை இழுக்கிற ஒரு கயிறாவது அறும். முதலில் பதினெட்டையாவது மதிக்கட்டும். கவுன்ட்டரில் அட்டை பார்க்காத கடைக்கு அபராதம் போட்டு, அதைச் செய்தித்தாளில் பெயரோடு வெளியிடட்டும்.

மாணவர்களுக்கு: உங்கள் கூட்டத்தில் குடிக்காதவன் ஒருவன் இருப்பான். அவன் சாமியார் அல்ல. ராத்திரி பைக்கை ஓட்டப்போவதும், யாருக்காவது மூச்சு முட்டினால் 108-க்குப் போன் போடப்போவதும் அவன்தான். அவனை மதியுங்கள். ஜூனியர் காசில் குடிப்பது ட்ரீட் அல்ல, குற்றம். வற்புறுத்தலுக்கு ஆளானவர்கள் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். விட முடியாத நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

பெற்றோருக்கு: சேர்க்கை நாளில் அந்த உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடும்போது பிள்ளையின் கண்ணைப் பார்த்து இதையும் சொல்லுங்கள். 'எந்தத் தப்பு செஞ்சிருந்தாலும் சரி, உயிருக்கு ஆபத்துன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணு. அன்னைக்குத் திட்ட மாட்டேன்.' சொன்னபடியே திட்டாமல் இருங்கள்.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் உள்ள கல்லூரி முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கம் அச்சடியுங்கள். மயங்கியவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறவர்மீதும் கொண்டுவரப்பட்டவர்மீதும் நடவடிக்கை இல்லை என்று அதில் எழுதி, முதல்வர் கையெழுத்தோடு ஒவ்வொரு விடுதி அறைக் கதவிலும் ஒட்டுங்கள். கீழே 108 என்றும், உங்கள் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவின் எண்ணையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம், நிதியும் வேண்டாம். இந்த வாரமே செய்யலாம்.